கேள்வி–பதில்: அந்தலூசியாவுக்கு ஒரு பட்டாளம்

தெற்கு ஸ்பெயினுக்கு மாணவர் பரிமாற்றத்தில் போகிறவர்களிடமிருந்தும் அவர்களைப் பெற்றவர்களிடமிருந்தும் வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

கே: செவில்யா பல்கலைக்கழகத்துக்கு ஒரு செமஸ்டர் போகிறேன். பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து நான்கு நாளில் செவில்யா, கோர்தோபா, கிரானாதா, ரோண்டா, மலகா, காதிஸ், ஜிப்ரால்டர் என்று ஏழு ஊர் போட்டிருக்கிறோம். முடியுமா? – மாணவர், மதுரை

ப: ஏறி இறங்க முடியும் தம்பி, ஊர் பார்க்க முடியாது. செவில்யாவிலிருந்து கிரானாதாவுக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஆகும். ஏழு ஊரையும் கோத்தால் பாதிப் பயணம் பஸ் ஸ்டாண்டிலேயே கழியும்.

பட்டியலில் முதலில் செவில்யாவை அடியுங்கள். நீங்கள் குடியிருக்கப்போகிற ஊர் அது, எங்கும் ஓடிவிடாது. காதிஸுக்கு அங்கிருந்தே ரயில் உண்டு. ஏதாவது ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பி, கடலில் கால் நனைத்துவிட்டு இரவு திரும்பலாம். ஜிப்ரால்டர் பிரிட்டனின் ஆளுகையில் இருக்கும் இடம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று பார்க்காமல் போனால், உங்கள் ஒருவருக்காக மொத்தப் பட்டாளமும் எல்லையில் நிற்கும்.

மிச்சம் இருப்பதை இப்படி வையுங்கள். கோர்தோபாவுக்கு அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான். அங்கே ஓர் இரவு. கிரானாதாவில் இரண்டு இரவு. திரும்பும் வழியில் மலகா அல்லது ரோண்டா, இரண்டில் ஒன்று. நான் ரோண்டா என்பேன். ஊரை இரண்டாகப் பிளக்கும் பள்ளத்தாக்கின் மேல் 98 மீட்டர் உயரத்தில், 1793-இல் கட்டி முடித்த பாலம் நிற்கிறது. அதை மேலிருந்து எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் ஒற்றையடிப் பாதையில் கீழே இறங்கி அண்ணாந்து பாருங்கள்.

கே: கிரானாதாவின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு டிக்கெட் அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் கூட வருகிற நண்பர். நம்பலாமா? – மாணவி, கோவை

ப: நண்பரை நம்பலாம், அவருடைய யோசனையை நம்ப வேண்டாம். நாளுக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து அனுமதிக்கும் இடம் அது. வசந்த காலத்தில் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். நஸ்ரித் அரச வம்சத்து அரண்மனைகளுக்குள் நுழைய அரை மணி நேர இடைவெளி ஒன்று குறித்துத் தருவார்கள். அது தவறினால் தவறியதுதான், கெஞ்சிப் பயனில்லை. ஆகவே பட்டாளத்தில் யார் எப்போதும் தாமதமாக வருவாரோ அவர் பக்கத்திலேயே நடந்து போங்கள்.

டிக்கெட்டே கிடைக்கவில்லையா? ஐந்தாம் சார்லஸ் கட்டிய வட்ட முற்றமுள்ள மாளிகை, நீதி வாயில், குன்றின் மேல் மரச்சோலை எல்லாம் இலவசம். எதிர்க் குன்றில் அல்பைசின் பகுதி இருக்கிறது. அங்கே சான் நிகோலாஸ் முற்றத்தில் உட்கார்ந்தால் அரண்மனை முழுதும், பின்னால் பனி மூடிய சியரா நெவாடாவும் ஒரே சட்டத்தில் தெரியும்.

கே: உள்ளே போனதும் எதைப் பார்க்கத் தவறக்கூடாது? – அதே மாணவி

ப: தண்ணீரை.

சிங்க முற்றத்தில் 124 தூண், 12 சிங்கம் என்று வழிகாட்டி எண்ணிக் காட்டுவார். காட்டட்டும். நீங்கள் ஹெனரலிஃபே தோட்டத்தில் ‘தண்ணீர்ப் படிக்கட்டு’ எங்கே என்று கேட்டுப் போங்கள். அங்கே கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பே வாய்க்கால். ஓட்டைக் கவிழ்க்காமல் மல்லாக்க வரிசையாகப் பதித்து, அதில் தண்ணீரை ஓடவிட்டிருக்கிறார்கள். படி இறங்கும்போது பிடிக்கிற இடத்தில் விரல் நனைகிறது. இரண்டு பக்கமும் சலசலவென்ற சத்தம், தலைக்கு மேல் மரக்கூரை. வெயிலில் வந்தவனுக்கு உடம்பு முழுதும் ஆறிவிடும்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கீழே ஓடும் தாரோ ஆற்றிலிருந்துதான், ஆனால் பல கிலோமீட்டர் மேலே போய் அணை கட்டி, மலைச்சரிவை ஒட்டி வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். பள்ளத்து ஆற்றை மேட்டு அரண்மனைக்கு ஏற்ற அவர்களுக்கு வாட்டமே போதுமாக இருந்தது. பட்டாளத்தில் சிவில் எஞ்சினியரிங் பிள்ளை இருந்தால் அவரைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். அரசர் பெயர் வரிசையைவிட அது உங்களுக்கு நெடுநாள் நினைவிருக்கும்.

கே: அல்ஹம்ப்ராவுக்கும் நம் ஊருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? – ஆசிரியர், திருநெல்வேலி

ப: உண்டு ஐயா, அதுவும் ஒரு மனிதர் வழியாக. மொராக்கோக்காரரான இப்னு பதூதா 1340-களில் மதுரையில் இருந்தார். அப்போது அங்கே ஆண்ட சுல்தானுடைய மனைவியும் இப்னு பதூதாவின் மனைவியும் அக்கா தங்கைகள். அந்த சுல்தான் மக்களை எப்படிக் கொடுமைப்படுத்தினார், மதுரையில் கொள்ளை நோய் எப்படி ஆட்களைக் கொண்டுபோனது என்பதையெல்லாம் அவர் சொல்லித்தான் இன்று படிக்கிறோம்.

அதே மனிதர் 1350 வாக்கில் கிரானாதாவுக்குப் போனார். அரசர் நோயில் படுத்திருந்ததால் பார்க்க முடியவில்லை. அரசரின் தாயார் பொற்காசு கொடுத்தனுப்பினார். அங்கே குடியேறியிருந்த தர்வேஷ்களில் இரண்டு பேர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று பெயரோடு குறிப்பிடுகிறார். அவருடைய பயணத்தைப் பின்னாளில் கேட்டு எழுதிய இப்னு ஜுஸையைச் சந்தித்ததும் கிரானாதாவில்தான். நாம் இன்று கூட்டம் கூட்டமாகப் பார்க்கிற சிங்க முற்றம் அப்போது கட்டப்படவே இல்லை. ஆக, அதைப் பார்க்கக் கொடுத்துவைக்காத அந்தப் பயணி மதுரையைப் பார்த்திருந்தார். உங்கள் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள், வரைபடத்தைத் தாங்களாகவே விரித்துப் பார்ப்பார்கள்.

கே: என் மகள் சுத்த சைவம். பன்றி இறைச்சி நாட்டில் பட்டினி கிடப்பாளோ என்று தூக்கம் வரவில்லை. – ஒரு தாய், கும்பகோணம்

ப: நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. செவில்யாவில் கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டு வதக்கி ஒரு தட்டு தருவார்கள். ஊரின் பழைய பண்டம் அது, சோறு இருந்தால் பிசைந்தே சாப்பிட்டுவிடலாம். கோர்தோபாவில் கத்தரிக்காயை மெல்லியதாகச் சீவிப் பொரித்து, கரும்புப் பாகு ஊற்றிக் கொடுப்பார்கள். காலையில் சுட்ட ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்டால் அதுவே டிபன். எண்ணெய்க்குக் குறைவே இல்லை. உலகில் அதிகம் ஆலிவ் எண்ணெய் எடுக்கும் நாடு ஸ்பெயின், அதில் பெரும்பங்கு ஹயேன் மாவட்டத்திலிருந்து வருகிறது. கோர்தோபாவிலிருந்து கிரானாதா போகும் வழியில் குன்றுகள் மேல் கண்ணுக்கு எட்டும் வரை ஆலிவ் மரம்தான்.

மூன்று விஷயம் மட்டும் மகளிடம் சொல்லுங்கள். ‘இறைச்சி வேண்டாம்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ஹமோன் என்கிற உப்பிட்ட பன்றித் தொடையையும் சூரை மீனையும் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். சல்மோரெஹோ என்கிற குளிர்ந்த தக்காளிக் குழம்பின் மேல் ஹமோனும் முட்டையும் தூவி வரும், முன்கூட்டியே தடுக்க வேண்டும். மந்தெகாதோ என்கிற பொடிந்து உதிரும் இனிப்பைப் பன்றிக் கொழுப்பில் செய்கிறார்கள். பட்டாளத்தில் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து இவளே விசாரித்துவிடட்டும்.

நேரமும் மாறும். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். நம் வழக்கப்படி பன்னிரண்டரைக்குப் பசித்தால் அடுப்பு பற்ற வைத்திருக்க மாட்டார்கள். பையில் எப்போதும் ஒரு பழம் இருக்கட்டும்.

கே: தெரு முழுக்க ஆரஞ்சு காய்த்துத் தொங்குகிறதாமே, பறித்துச் சாப்பிடலாமா? – மாணவர், சேலம்

ப: ஒருமுறை கடித்தால் மறுமுறை கேட்க மாட்டீர்கள். அது கசப்பு ஆரஞ்சு, மார்மலேடுக்கு மட்டுமே ஆகும். ஆனால் அந்த மரம் பூக்கிற மார்ச், ஏப்ரலில் செவில்யாவில் இருந்தால் இரவில் நடந்து திரியுங்கள். மணத்துக்குக் காசு இல்லை.

கே: கோர்தோபாவில் இருப்பது மசூதியா, தேவாலயமா? எங்கள் குழுவில் இதற்கே ஒரு சண்டை நடந்துவிட்டது. – ஆராய்ச்சி மாணவி, சென்னை

ப: சட்டப்படி கத்தோலிக்கப் பேராலயம், 1236 முதல் அப்படித்தான். கட்டடப்படி 785 வாக்கில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கி, இருநூறு ஆண்டுகளில் மூன்று முறை பெரிதாக்கப்பட்ட மசூதி. சண்டையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போங்கள். கட்டடம் இரண்டு தரப்பும் எதிர்பார்க்காத பதில்களை வைத்திருக்கிறது.

தூண்கள் எண்ணூற்றைம்பதுக்கு மேல். பழைய பகுதியில் ஒவ்வொன்றையும் நின்று பாருங்கள். ஒன்று கருநீலம், பக்கத்தில் இளஞ்சிவப்பு. ஒன்று வழவழப்பு, அடுத்ததில் வரிவரியாகச் செதுக்கல். தலைப்பகுதி ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ரோமானியர், விசிகோத்தியர் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்து நட்டவை. அவ்வளவு பெரிய கூடத்துக்குத் தூண்கள் குட்டை. என்ன செய்தார்கள்? தூண் மேல் ஒரு வளைவு, அதற்கும் மேல் இன்னொரு வளைவு என்று அடுக்கிக் கூரையைத் தூக்கினார்கள். சிவப்புச் செங்கலும் வெள்ளைக் கல்லும் மாற்றி மாற்றி வைத்த அந்த இரட்டை வளைவுதான் இன்று உலகம் முழுக்க அஞ்சலட்டையில் போகிறது. குறையைச் சமாளிக்கப் போய்ப் பிறந்த அழகு அது.

தொழுகைத் திசை காட்டும் மிஹ்ராபில் தங்க நிறக் கண்ணாடித் துண்டுகள் பதித்த வேலை இருக்கும். பத்தாம் நூற்றாண்டில் அதற்குக் கைவினைஞரையும் பொருளையும் அனுப்பியவர் கான்ஸ்டாண்டினோபிளின் கிறிஸ்தவப் பேரரசர். ஐந்தரை நூற்றாண்டு கழித்து, 1523-இல், கூடத்தின் நடுவைப் பிரித்து உயரமான தேவாலயம் எழுப்ப பிஷப் முடிவு செய்தபோது எதிர்த்தது யார்? அந்த ஊரின் கிறிஸ்தவ நகரசபை. இடிக்கக் கை வைக்கும் தொழிலாளிக்கு மரண தண்டனை என்று அறிவித்தே பார்த்தது. அரசர் பிஷப் பக்கம் நின்றதால் வேலை நடந்தது. தங்கள் மதத்துக் கோயில் வருவதையே தடுக்கும் அளவுக்கு இந்த மசூதியை அந்த ஊரார் நேசித்திருக்கிறார்கள். எனக்கு அந்தலூசியாவில் ஆகப் பிடித்த செய்தி இதுதான்.

ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை கட்டணம் இல்லை. வழிகாட்டியோடு வரும் குழுக்களை அப்போது விட மாட்டார்கள். பட்டாளமாகப் போகாமல் தனித்தனியாக நுழையுங்கள். அந்த அமைதி பகலில் கிடைக்காது.

கே: ஃபிளமெங்கோ நம் பரதத்திலிருந்து வந்தது என்கிறார்களே? – நடன ஆசிரியை, தஞ்சாவூர்

ப: பரதத்திலிருந்து இல்லை அம்மா. ஃபிளமெங்கோவை வளர்த்த ஹிதானோ மக்கள், அதாவது ஸ்பெயினின் ரோமா மக்கள், பல நூற்றாண்டுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ரோமா மொழியை ஆராய்ந்தவர்கள் அதைத் தெளிவாக நிறுவியிருக்கிறார்கள். அவர்கள் ஸ்பெயினுக்கு வந்தது 15-ஆம் நூற்றாண்டில். ஆனால் இன்று நாம் பார்க்கும் ஃபிளமெங்கோ அந்தலூசிய மண்ணில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் உருவான கலை. அதில் அந்த மண்ணின் நாட்டுப்பாட்டு எல்லாம் கலந்திருக்கிறது. காலடி ஒத்திருக்கிறது என்பதற்காக உரிமை கொண்டாட வேண்டாம்.

அந்த மக்கள் பட்டதையும் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். 1749-இல் அரசாணை போட்டு ஹிதானோக்களை நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். ஆண்களையும் பெண்களையும் பிரித்து அடைத்தார்கள். கணவன் மனைவி சேரக்கூடாது, குழந்தை பிறக்கக்கூடாது, இனமே அற்றுப்போக வேண்டும் என்பதுதான் திட்டம். அந்தப் பாட்டில் வரும் கதறலை வெறும் பாணி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

தாளம் தெரிந்தவர் நீங்கள், உங்கள் மாணவிகளுக்கு ஒன்று சொல்லி அனுப்புங்கள். ‘சொலெயா’ என்ற வகையில் பன்னிரண்டு எண்ணிக்கை. அழுத்தம் விழுவது 3, 6, 8, 10, 12-இல். கையில் போட்டுப் பார்த்துவிட்டுப் போனால், மேடையில் கைதட்டுகிறவர் என்ன செய்கிறார் என்பது பிடிபடும். சாப்பாட்டோடு சேர்த்து விற்கும் காட்சிகளைவிட, ‘பெனா’ எனப்படும் ரசிகர் சங்கங்கள் நல்லது. கிரானாதாவின் அல்பைசினில் ‘லா பிளாத்தெரியா’ 1949-இலிருந்து இருக்கிறது.

கே: செலவைப் பிரிப்பதில்தான் நட்பு கெடுகிறது. வழி? – மாணவர், ஈரோடு

ப: அங்கே பிள்ளைகள் ‘பிஸும்’ என்று போனிலேயே அனுப்பிக்கொள்வார்கள், நம் ஜிபே மாதிரி. ஸ்பானிஷ் வங்கிக் கணக்கு இருந்தால்தான் ஆகும். இல்லாதவர்கள் அன்றன்றைக்கு இரவே கணக்கு முடித்துவிடுங்கள், செமஸ்டர் முடியும் வரை இழுக்காதீர்கள். மது குடிக்காதவர் மதுவுக்குப் பங்கு கொடுக்க வேண்டாம் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். பேசினால் யாரும் கோபிப்பதில்லை.

கிரானாதாவில் ஒரு வசதி உண்டு. பாரில் ஏதாவது குடிக்க வாங்கினால் கூடவே ஒரு சிறு தட்டுத் தின்பண்டம் இலவசம். பல கடைகளில் குளிர்பானத்துக்கும் தருவார்கள். மூன்று கடை ஏறி இறங்கினால் இரவுச் சாப்பாடு முடிந்தது. சைவம் என்றால் சொல்லிவிட்டு வாங்க வேண்டும்.

கே: எனக்கு அருங்காட்சியகம், மற்றவர்களுக்குக் கடற்கரை. எப்போதும் நானே விட்டுக்கொடுக்கிறேன். – மாணவி, புதுச்சேரி

ப: யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். காலையில் பிரியுங்கள், இரவுச் சாப்பாட்டுக்குச் சேருங்கள். மலகாவில் பிக்காசோ பிறந்த வீட்டை நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள். அவர்கள் கடற்கரையில் மத்தி மீனைக் குச்சியில் கோத்துச் சுடுவதைப் பார்த்துவிட்டு வரட்டும். மேஜையில் பேசுவதற்கு இரண்டு கதை இருக்கும். நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே திரிகிற பட்டாளத்தில் மூன்றாம் நாள் பேச்சே இருக்காது.

கே: பதினான்கு கிலோமீட்டரில் ஆப்பிரிக்கா! தாரிஃபாவிலிருந்து கப்பல் ஏறி மொராக்கோ போய்வரலாமா? – மாணவர், திருச்சி

ப: ஐரோப்பியப் பிள்ளைகள் போகலாம். உங்கள் விசாவில் நுழைவு ‘ஒருமுறை’ என்று இருந்து, கையில் குடியிருப்பு அட்டையும் இல்லை என்றால், வெளியே போனவர் திரும்பி வர முடியாது. அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருந்தால் ‘திரும்பி வரும் அனுமதி’ என்று தனிக் காகிதம் வாங்க வேண்டும். மொராக்கோவுக்குத் தனி விசா வேறு. இவ்வளவும் சரியாக இருந்தால் தாராளமாகப் போங்கள். கோர்தோபாவையும் கிரானாதாவையும் விட்டுத் துரத்தப்பட்டவர்கள் அக்கரையில் போய்க் கட்டிய ஊர்களைப் பார்த்தால், இக்கரைக் கதையின் மறுபாதி கிடைக்கும்.

கே: ஜூலையில் போகலாமா? – பல வாசகர்கள்

ப: கூடாது. 2021 ஆகஸ்டில் கோர்தோபா மாவட்டத்து லா ரம்ப்லாவில் 47.6 டிகிரி. வேலூர்க்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கே: செவில்யா பேராலயத்தில் கொலம்பஸ் கல்லறை முன் எங்கள் மெக்சிகோ தோழி படம் எடுக்க மறுத்துவிட்டாள். மற்றவர்களுக்குச் சங்கடம். யார் செய்தது சரி? – மாணவர், நாகர்கோவில்

ப: தோழி செய்தது சரி. அந்தக் கல்லறையைக் கவனித்தீர்களா? காஸ்தில், லியோன், ஆரகான், நவார் என்ற நான்கு அரசுகளின் உருவங்கள் சவப்பெட்டியைத் தோளில் சுமக்கின்றன. அதில் ஒரு உருவத்தின் ஈட்டி முனை ஒரு மாதுளம்பழத்தில் குத்தி நிற்கிறது. மாதுளை கிரானாதாவின் சின்னம். 1492 ஜனவரி 2-இல் கிரானாதா விழுந்தது. மார்ச் 31-இல் யூதர்களை வெளியேற்றும் ஆணை. ஆகஸ்ட் 3-இல் கொலம்பஸ் பாலோஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பினார். ஏழு மாதத்தில் எத்தனை மக்களின் தலையெழுத்து மாறியது பாருங்கள். உங்கள் தோழியின் முன்னோர் அதில் ஒரு தரப்பு. பட்டாளத்தில் மொராக்கோப் பிள்ளை இருந்தால் அவர் முன்னோர் இன்னொரு தரப்பு.

பேராலயத்துக்கு எதிரிலேயே இந்தியத்தீவுகள் ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1785-இல் தொடங்கியது, நுழைவு இலவசம். அமெரிக்காவை ஆண்ட காகிதங்கள் கோடிக்கணக்கான பக்கங்களாக அங்கே இருக்கின்றன. அடுத்த முறை அங்கே போய், உங்கள் தோழியைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். பல நாட்டுப் பிள்ளைகளோடு போவதன் முழுப் பலன் இதுதான். ஒரே நாட்டுக் கூட்டமாகப் போயிருந்தால் எல்லோரும் சிரித்துப் படம் எடுத்துவிட்டு வந்திருப்பீர்கள்.

கே: படிக்க அனுப்பினால் ஊர் சுற்றுகிறான். கண்டிக்கலாமா? – ஒரு தந்தை, விருதுநகர்

ப: அவன் வகுப்பு நடக்கும் கட்டடத்தைப் பற்றிக் கேளுங்கள் ஐயா. செவில்யா பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம் 18-ஆம் நூற்றாண்டில் அரசுப் புகையிலை ஆலையாகக் கட்டப்பட்டது. அங்கே சுருட்டுச் சுற்றிய பெண்களில் ஒருத்தியாகத்தான் ‘கார்மென்’ கதாநாயகி படைக்கப்பட்டாள். அமெரிக்கப் புகையிலை அந்த ஊருக்கு ஏன் வந்தது, நம் மிளகாய் எந்தக் கண்டத்துச் செடி என்று அவன் உங்களுக்கு விளக்கினால், சுற்றியது படிப்பில் சேர்ந்துவிட்டது. வருகைப் பதிவு குறைந்தால் மட்டும் கண்டியுங்கள்.

கே: மலகாவிலிருந்து ஆல்மேரியா போகும் வழியில் மலையடிவாரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக ஏதோ விரிந்திருந்தது. உப்பளமா? யாருக்கும் தெரியவில்லை. – மாணவி, தூத்துக்குடி

ப: தூத்துக்குடிக் கண்ணுக்கு உப்பளம் தோன்றியதில் வியப்பில்லை. அது பிளாஸ்டிக். முப்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் பசுமைக்குடில்கள், விண்வெளியிலிருந்து எடுத்த படத்திலும் தெரியும். ஐரோப்பா குளிர்காலத்தில் தின்னும் தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி எவ்வளவோ அங்கே விளைகிறது. உள்ளே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் மொராக்கோவிலிருந்தும் சகாராவுக்குத் தெற்கிலிருந்தும் வந்தவர்கள். குடிலுக்குள் வெக்கை தாங்காது. குடியேற்றக் காகிதம் இல்லாத பலர் நீஹர் பக்கம் பலகையும் பிளாஸ்டிக்கும் வைத்துக் கட்டிய குடிசைகளில், தண்ணீர்க் குழாய்கூட இல்லாமல் இருக்கிறார்கள்.

சுற்றுலாப் புத்தகங்கள் அந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பிவிடும். நீங்கள் திருப்பாதீர்கள். உங்கள் ஹாஸ்டலில் சாலட்டுக்கு நறுக்கும் தக்காளிப் பெட்டியின் ஓரத்தில் மாவட்டப் பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்டாளத்தில் அரபியோ பிரெஞ்சோ தெரிந்த ஒருவர் இருந்தால், ஆல்மேரியாவில் இறங்கி உள்ளூர் பஸ் பிடித்து எல் எஹிதோ வரை போங்கள். அந்தத் தொழிலாளர்கள் வேலை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். வணக்கம் சொன்னால் பேசுவார்கள். கேமராவைப் பையிலேயே வையுங்கள்.